விரலைக் கழுவி மீண்டும் வைக்கவும்

இது உண்மையாகவே நடந்தது. ஒரு சொல்கூடக் கூட்டவில்லை. குறைத்தேனா என்று கேட்டால், முதலில் குறைத்துத்தான் எழுதிப் பார்த்தேன். எனக்கு வெட்கமான இடங்களை எல்லாம் விட்டுவிட்டு எழுதினேன். வாசித்தபோது அது ஒரு மிஷின் பழுதான கதையாக இருந்தது. பயமே வரவில்லை. அதனால் விட்டவற்றையும் சேர்த்து இப்போது எழுதுகிறேன்.

பேய் என்றால் நடுச்சாமம், நாய் ஊளை என்று எதிர்பார்ப்பவர்கள் மன்னிக்கவும். எனக்கு நடந்தது பட்டப்பகலில். ஆனால் லுணுகலைப் பக்கத்து நவம்பர் மாதப் பகல் எப்படி இருக்கும் என்று அந்தப் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும். மத்தியானம் இரண்டு மணிக்கே லைட்டைப் போட வேண்டும். தேயிலைத் தோட்டத்தின் பெயரை மட்டும் சொல்ல மாட்டேன். அந்த மிஷின்கள் இன்னும் அங்கேதான் இருக்கின்றன.

என் பெயர் ஜெயந்தினி. பதுளையில் முஸ்தாக் என்பவர் நடத்தும் சின்ன கம்பியூட்டர் கம்பெனியில் வேலை செய்கிறேன். மொத்தம் ஐந்து பேர். எந்த ஊர் என்று யாராவது கேட்டால் "பதுளை டவுன்" என்று சொல்வேன். அது பொய். நான் பிறந்தது தெமோதரைப் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீட்டில். என் அம்மா விஜயலெட்சுமி இன்றைக்கும் அங்கே கொழுந்து எடுக்கிறார். ஆபீசில் ஒருவருக்கும் இது தெரியாது. இதை மறைத்து வைப்பதற்கு நான் பட்ட பாட்டை ஒரு பரீட்சைக்குப் பட்டிருந்தால் இன்னும் பெரிய வேலையில் இருந்திருப்பேன்.

போன வருஷம் ஜூன் மாதம் லுணுகலைப் பக்கத்து அந்தத் தோட்டத்துக்கு நாங்கள் மிஷின் வைத்துக் கொடுத்தோம். நான்கு கொழுந்து மடுவங்கள், அதாவது எடுத்த கொழுந்தை நிறுக்கிற கொட்டகைகள். ஒவ்வொன்றிலும் ஒரு விரல் மிஷின். தொழிலாளி பெருவிரலை வைத்தால் அவர் பெயர் திரையில் வரும், வேலைக்கு வந்த நாள் பதிவாகும். அங்கே அதைப் 'பேர் விழுறது' என்பார்கள். முன்பு கங்காணி கொப்பியில் போட்ட பேரை இப்போது மிஷின் போடும். நான்கு மிஷின்களும் தோட்டத்து ஆபீசில் இருக்கிற ஒரு சர்வரோடு பேசும்.

மிஷின் வாங்கும்போது அதில் இங்கிலிஷ் மட்டும் இருந்தது. தமிழில் போட்டுக் கொடுங்கள் என்று முஸ்தாக் என்னிடம் சொன்னார். ஒரு கையில் தேத்தண்ணீர்க் கோப்பையோடு பத்து நிமிஷத்தில் எல்லா வாக்கியங்களையும் எழுதி முடித்தேன். விரல் பொருந்தாவிட்டால் வருவதற்கு நான் எழுதிய வாக்கியம்: 'விரலைக் கழுவி மீண்டும் வைக்கவும்'.

இங்கேதான் முதல் வெட்கம். கொழுந்து எடுக்கிறவர்களின் விரலை மிஷின் படிக்காததற்குக் காரணம் அழுக்கு அல்ல. ரேகை தேய்ந்திருக்கும். என் அம்மாவின் பெருவிரலைத் தடவினால் கூழாங்கல் மாதிரி வழுக்கும். அதைக் கழுவினாலும் ஒன்றுதான், கழுவாவிட்டாலும் ஒன்றுதான். இது எனக்கு நன்றாகத் தெரியும். அந்த மேசையில் இருந்தவர்களில் எனக்கு மட்டும்தான் தெரியும். சொல்லியிருக்கலாம். ஆனால் "உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்பார்களே.

அதனால் சொல்லவில்லை.

இன்னொரு வேலையும் செய்தேன். சர்வர் தான் செய்வதை எல்லாம் வரி வரியாக எழுதி வைத்துக்கொண்டே இருக்கும். இத்தனை மணிக்கு இந்த மிஷின் பேசியது, விரல் வந்தது, பொருந்தியது, பொருந்தவில்லை என்று. அதைத்தான் லொக் என்கிறோம். எதை எழுத வேண்டும், எதை விட வேண்டும் என்று அதற்குச் சொல்லிக் கொடுக்கலாம். இடம் குறைவு என்பதால் பெரிய கோளாறை மட்டும் எழுதச் சொன்னேன். விரல் பொருந்தாதது பெரிய கோளாறு இல்லை என்று முடிவு செய்ததும் நானேதான். அதனால் ஒருவர் விரலை நூறு தடவை வைத்துப் பொருந்தாமல் போனாலும், அவர் அங்கே வந்தார் என்பதற்கு எங்கேயும் ஒரு வரிகூட இருக்காது.

நவம்பரில் அந்த சர்வர் அடிக்கடி நின்றுபோனது. என்ன காரணம் என்று பார்க்க லொக்கில் ஒன்றும் இல்லை. அதுதான் நானே வாயை மூடி வைத்திருந்தேனே. முஸ்தாக் என்னை அனுப்பினார். லொக்கை முழுதாகத் திறந்துவிட வேண்டும். நான்கு மிஷின்களும் உயிரோடு இருக்கின்றனவா என்று நிமிஷத்துக்கு ஒரு தடவை சர்வர் கேட்க வேண்டும். பதில் வந்தால் திரையில் பச்சை, வராவிட்டால் சிவப்பு. மறுநாள் துரை, அதாவது தோட்டத்து மனேஜர், வந்து பார்ப்பார். நான்கும் பச்சையாக இருந்தால் வேலை முடிந்தது.

நடுவில் சர்வரை நிறுத்தித் திறக்க வேண்டும் என்பதால், தோட்டத்தில் வேலை இல்லாத போயா, அதாவது பௌர்ணமி விடுமுறை நாளாகப் பார்த்துப் போனேன்.

லுணுகலையில் பஸ்ஸை விட்டு இறங்கி ஆட்டோ பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது பதினொரு மணி. தூறல். ஆபீஸ் வாச்சர் சிவஞானம் கதவைத் திறந்துவிட்டார். ஐம்பது வயது இருக்கும். தலையில் கம்பளித் தொப்பி.

"இன்னைக்கு ஒரு குஞ்சு இல்ல மிஸ். நிம்மதியா பாருங்க."

"மடுவத்துலயும் யாரும் இருக்க மாட்டாங்களா?"

"யாரு இருப்பா? மூணாம் நம்பர் மடுவத்துக்கு கரண்டையே நான் நேத்து நிப்பாட்டிட்டேன். மழைக்கு ஷோர்ட் ஆவுது."

அவர் சோறு சாப்பிட வீட்டுக்குப் போனார். நாலு மணிக்கு வருவதாகச் சொன்னார். நான் கதவைச் சாத்திக்கொண்டு வேலையைத் தொடங்கினேன்.

ஒன்றரைக்கு எல்லாம் முடிந்தது. சர்வரை மறுபடி கிளப்பினேன். திரையில் நான்கு புள்ளிகள். ஒன்று, இரண்டு, நான்கு எல்லாம் பச்சை. மூன்றும் பச்சை.

கரண்ட் இல்லாத மிஷின் எப்படிப் பதில் சொல்கிறது என்று ஒரு நொடி யோசித்தேன். உள்ளே பெற்றரி இருக்கும் என்று நானே சொல்லிக்கொண்டேன். பச்சை வேண்டும் என்றுதானே வந்தேன், வந்துவிட்டது.

1.52க்கு லொக்கில் புதிதாக ஒரு வரி விழுந்தது.

மூன்றாம் மடுவம். விரல் வைக்கப்பட்டது. பொருந்தவில்லை.

மழைத்துளி பட்டிருக்கும் என்று நினைத்தேன்.

1.53. மூன்றாம் மடுவம். விரல் வைக்கப்பட்டது. பொருந்தவில்லை.

1.54. அதே வரி.

ஒவ்வொரு தடவை விரல் வைக்கும்போதும் எவ்வளவு பொருந்தியது என்று மிஷின் நூற்றுக்கு ஒரு புள்ளி போடும். நாற்பது வந்தால் பெயர் விழும். இந்த வரிகளில் பதினொன்று, பதினொன்று, பதினொன்று என்றே வந்துகொண்டிருந்தது. ஒரே ஆள் ஒரே விரலை இரண்டு தடவை வைத்தால்கூட ஒரே புள்ளி வராது. கொஞ்சம் சரியும், கொஞ்சம் அழுத்தம் கூடும். மழைத்துளி என்றால் சொல்லவே வேண்டாம்.

முஸ்தாக்குக்கு போன் எடுத்தேன்.

"மழத் தண்ணிதான் ஜெயந்தினி. அந்த வரியெல்லாம் வராமப் பண்ணிட்டு வாங்க. நாளைக்கு துரை பாக்கிறப்போ அசிங்கமா இருக்கும்."

சரி என்றேன். ஜூனில் இருந்த மாதிரியே, பெரிய கோளாறை மட்டும் எழுது என்று மாற்றினேன். சர்வரை நிறுத்தினேன். கிளப்பினேன். லொக் வெறுமையாக வந்தது. பையிலிருந்த பணிஸைச் சாப்பிட எடுத்தேன்.

2.31. மூன்றாம் மடுவம். விரல் வைக்கப்பட்டது. பொருந்தவில்லை. பதினொன்று.

வரக் கூடாத வரி அது. நான் மூடிவிட்டேன். இரண்டாவது தடவையும் மூடிப் பார்த்தேன்.

2.32.

2.33. மறுபடி மறுபடி மூடிப் பார்த்தும், மூன்றேகால் வரை வரிகள் விழுந்துகொண்டே இருந்தன.

இப்போது அந்த வரிகளுக்கு முன்னால், பெரிய கோளாறு என்று குறிக்கும் சிவப்புச் சொல் இருந்தது. அதை நான் போடவில்லை...

யாரோ பொடியன்கள் விளையாடுகிறார்கள் என்று முடிவு செய்தேன். அதட்டிவிட்டு வரலாம் என்று குடையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். தைரியத்தில் போகவில்லை. அந்த வரியோடு தனியாக உட்கார்ந்திருக்கப் பயந்துதான் போனேன்.

மூன்றாம் மடுவத்துக்கு ஆபீசிலிருந்து ஒரு குறுக்குப் பாதை. தேயிலைக்கு நடுவே இறங்கி, ஓர் ஆற்றுப் பாலத்தைத் தாண்ட வேண்டும். ஆறு என்று பெயர்தான், சாதாரண நாளில் கல்லுக்குக் கல் தாண்டலாம். அன்று செம்மண் நிறத்தில் இரைந்துகொண்டு போனது. பாலத்துக்கு அந்தப் பக்கம் பனி மூடியிருந்தது. நாலு வரிசைத் தேயிலைக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை.

பாலத்தில் கால் வைத்தபோதே சத்தம் கேட்டது.

பீப்... பீப்.

பொருந்தாவிட்டால் இரண்டு தடவை கத்தும். பொருந்தினால் நீளமாக ஒரு தடவை.

பீப்... பீப்.

கிட்டப் போனேன். மடுவத்தில் ஒரே ஒரு ஆள்தான். ஒரு பெண். எனக்கு முதுகைக் காட்டி நின்றார். தலையில் முக்காடு, அதன் மேல் கூடைக் கயிறு, இடுப்பில் மழைக்குக் கட்டிய படங்குச் சாக்கு. கூடை நிறையக் கொழுந்து. முழுதும் நனைந்திருந்தார். கூடையின் அடியிலிருந்து தண்ணீர் ஒழுகிக்கொண்டே இருந்தது.

போயா நாளில் கொழுந்து எடுப்பார்களா...?

"யாருங்க அது?" என்றேன்.

திரும்பினார். நாற்பது, நாற்பத்தைந்து வயது இருக்கும். சாதாரண முகம். களைத்த முகம். பயப்பட அதில் ஒன்றுமே இல்லை. அதனால்தான் நான் ஓடாமல் நின்றேன்.

"பேரு விழ மாட்டேங்குது தாயி."

"இன்னைக்கு வேலை இல்லையே?"

"கழுவிட்டு வரச் சொல்லுச்சு. கழுவிட்டு வந்தேன். மறுபடியும் கழுவச் சொல்லுது."

திரையில் என் வாக்கியம் இருந்தது. மழைச் சாரலில் அந்த எழுத்துகள் பளிச்சென்று தெரிந்தன. நான் எழுதியது என்று அவருக்குத் தெரியாது. தெரியாது என்றுதான் நினைத்தேன்.

அவர் என் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"நீ விஜயலெட்சுமி மகதானே? தெமோதரைத் தோட்டத்து விஜயலெட்சுமி. அதே நெத்தி."

இந்த இடத்தை எழுதுவதற்குத்தான் எனக்கு இத்தனை நாள் பிடித்தது. அந்த மடுவத்தில் நாங்கள் இரண்டு பேர்தான் இருந்தோம். கேட்க ஒருவரும் இல்லை. ஆமாம் என்று சொல்லியிருந்தால் எனக்கு ஒரு குறையும் வந்திருக்காது. ஆனாலும் பழக்கம் முந்திக்கொண்டது.

"இல்லைங்க. நான் பதுளை டவுன்."

"டவுனா..." என்றார். கோபப்படவில்லை. "சரி தாயி."

அவர் கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அப்போதுதான் அவர் கையைப் பார்த்தேன். கொழுந்து எடுக்கிற கை எப்படி இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. நகக்கண் எல்லாம் கறுப்பாக இருக்கும். எத்தனை சோப்புப் போட்டாலும் அந்தக் கறை போகாது. என் அம்மா கல்யாண வீட்டுக்குப் போனால் கையைச் சேலைக்குள் மறைத்துக்கொள்வார்.

இவர் கையில் கறை இல்லை.

வெள்ளையாக இருந்தது. விரல் நுனி எல்லாம் ஊறி, சுருங்கி... நாள் கணக்கில் தண்ணீரில் கிடந்த மாதிரி.

"நீ ஒரு தடவ வச்சுப் பாரேன் தாயி. ஒனக்கு விழும்."

சோதனைக்காக ஜூனிலேயே என் விரலையும் பதிந்திருந்தோம். வைத்தால் திரையில் 'சோதனை' என்று வரும். அவ்வளவுதான். வைத்துவிட்டு இங்கிருந்து போய்விடலாம் என்று நினைத்தேன்.

பெருவிரலை வைத்தேன்.

அவர் என் கையின் மேல் தன் கையை வைத்து அழுத்தினார்.

சூடு இல்லை. குளிரும் இல்லை.

பீ...ப்.

நீளமாக, ஒரே தடவை.

திரையில் 'சோதனை' என்று வரவில்லை. 'இராக்கம்மா. பதிவு செய்யப்பட்டது' என்று வந்தது.

"விழுந்துருச்சு," என்றார் அவர்.

அவ்வளவு நிம்மதியான குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

கூடையைத் தலையில் சரிசெய்துகொண்டு இறங்கினார். லயம் இருக்கிற பக்கம் போகவில்லை.

ஆற்றுப் பக்கம் போனார்.

நிலம் முழுக்கச் சேறு. அவர் நடந்த இடத்தில்...

தடம் இல்லை.

மிஷினைத் திரும்பிப் பார்த்தேன். திரை இருண்டிருந்தது. பக்கத்துத் தூணில் மெயின் சுவிட்ச் கீழே இறங்கியிருந்தது. மிஷினுக்குப் பின்னால் பெற்றரி போடுகிற இடம் திறந்து கிடந்தது.

உள்ளே பெற்றரி இல்லை.

ஓடினேன்.

குடை எங்கே விழுந்தது என்று இன்றுவரை தெரியாது. பாலத்தை எப்படித் தாண்டினேன் என்றும் தெரியாது. ஆபீசுக்குள் வந்து விழுந்தபோது சிவஞானம் அங்கே இருந்தார். எனக்கு அவரைக் கட்டிப்பிடித்து அழ வேண்டும் போல் இருந்தது. ஆனால் டவுனிலிருந்து வந்த மிஸ் அப்படி அழலாமா?

"வழுக்கி விழுந்துட்டேன்," என்றேன்.

அவர் தேத்தண்ணீர் ஊற்றித் தந்தார். கோப்பையை வாங்கும்போது என் கையைப் பார்த்தார்.

"என்ன மிஸ், வெரலு இப்படி ஊறிப் போயிருக்கு?"

பெருவிரல் மட்டும். வெள்ளையாக, சுருங்கி.

திரைக்கு முன்னால் உட்கார்ந்தேன். லொக்கில் கடைசியாக ஒரு வரி இருந்தது. மூன்றாம் மடுவம். இராக்கம்மா. பொருந்தியது. பதிவு செய்யப்பட்டது. நேரம் 3.47. கையில் இருந்த மணிக்கூட்டைப் பார்த்தேன். நாலு மணி ஆகப்போகிறது. நேரம் சரிதான்.

திகதிதான் சரியில்லை. அன்றைய திகதி இல்லை. ஒக்டோபர் பதினான்கு என்று இருந்தது.

முஸ்தாக்குக்கு மறுபடி போன் எடுத்தேன். பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. பழைய திகதியில் ஒரு பேர் விழுந்திருக்கிறது என்று மட்டும் சொன்னேன்.

"மணிக்கூட்டுக் கோளாறு. அழிச்சிடுங்க. இல்லாட்டி யாரு போட்டதுன்னு நம்மள கேப்பாங்க."

யார் இந்த இராக்கம்மா என்று சிவஞானத்திடம் கேட்டிருக்கலாம். இரண்டு அடி தள்ளித்தான் நின்றார். கேட்டால் ஏன் கேட்கிறேன் என்று சொல்ல வேண்டி வரும். கேட்கவில்லை. 'மணிக்கூட்டுக் கோளாறு' என்று குறிப்புப் போட்டு அந்த வரியை அழித்தேன். நான்கு பச்சைப் புள்ளிகளையும் படம் எடுத்து முஸ்தாக்குக்கு அனுப்பினேன்.

பெருவிரலை அனுப்பும் பொத்தானில் வைத்தேன். போனில் ஈரம் ஒட்டியது.

இரவு அறைக்கு வந்ததும் அம்மாவுக்கு போன் எடுத்தேன். நானாக எடுப்பது அபூர்வம். அம்மா பயந்துவிட்டார்.

"என்ன புள்ள, ஒடம்புக்கு ஏதும் முடியலையா?"

"இல்லம்மா. இராக்கம்மான்னு ஒங்களுக்கு யாரையாவது தெரியுமா?"



"நம்ம லயத்துல பொறந்தவதான். லுணுகலைப் பக்கம் கட்டிக் குடுத்தாங்க. ஒன்ன சின்னதுல தூக்கிக்கிட்டுத் திரிவா. போன மாசம் ஒனக்கு சொல்ல எடுத்தேனே. நீ மீட்டிங்ல இருக்கேன்னு வச்சிட்ட."

"என்ன சொல்ல எடுத்தீங்க?"

"செத்துப் போயிட்டா புள்ள."

ஒக்டோபர் பதினான்கு. அன்று இராக்கம்மா கொழுந்து எடுத்துக்கொண்டு மடுவத்துக்கு வந்தார். மிஷின் அவர் விரலை எடுக்கவில்லை. திரையில் என்னவோ எழுத்து வந்தது. அவருக்கு வாசிக்கத் தெரியாது. கங்காணிதான் வாசித்துச் சொன்னார். பீலிக் குழாயில் அன்று தண்ணீர் வரவில்லை. கையைக் கழுவ ஆற்றுக்கு இறங்கினார். மேலே மலையில் பெய்த மழை யாருக்கும் தெரியவில்லை. தண்ணீர் ஒரேயடியாக வந்தது. மூன்றாம் நாள்தான் உடல் கிடைத்தது.

"அதவிடக் கொடும என்ன தெரியுமா?" என்றார் அம்மா. "அன்னைக்கு அவ வேலைக்கே வரலன்னு மிஷின்ல இருக்காம். பேரு விழலையாம். அவ மக மதுஷா ஆபீஸ்ல போயி அழுதிருக்கு. எங்கம்மா வேலையிலதான் செத்தாங்கன்னு. மிஷின்ல இல்லாத பேர நாங்க எப்படிப் போடறதுன்னு கேட்டாங்களாம்."

அந்தப் பேர் இன்று மத்தியானம் விழுந்திருந்தது. நான் அழித்துவிட்டேன்.

"வெரலு தேஞ்சு போனவள கழுவிட்டு வான்னா என்னத்த கழுவுவா? அப்படி எழுதி வச்சாளே ஒரு படிச்ச மூதேவி, அவ ஒரு நாள் கொழுந்து எடுத்திருப்பாளா? அவ ஆத்தா எடுத்திருப்பாளா?"

"நேரமாச்சும்மா," என்று வைத்துவிட்டேன்.

மறுநாள் காலை. 8.26. ஆபீஸ் கதவில் எங்களுக்கும் ஒரு விரல் மிஷின் உண்டு. பண்டாரவளையில் ஒரு கடையில் வாங்கியது. தோட்டத்து மிஷின்களோடும் அந்த சர்வரோடும் அதற்கு எந்தத் தொடர்பும் இல்லை. பெருவிரலை வைத்தேன்.

பீப்... பீப்.

எனக்குப் பின்னால் ஸகீனா நின்றிருந்தாள். என்னோடு வேலை செய்கிறவள். என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்துச் சத்தமாக வாசித்தாள்.

"'விரலைக் கழுவி மீண்டும் வைக்கவும்.' என்னடி இது, நம்ம மிஷின் எப்பயிருந்து தமிழ் பேசுது?"

நான் கழுவப் போனேன். சோப்புப் போட்டுக் கழுவினேன். வைத்தேன். கழுவினேன். வைத்தேன். நான்காவது தடவை முஸ்தாக்கே வந்து என்னைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தார்.

அன்றைக்கே நான் அழித்த வரியைத் திருப்பிப் போட்டேன். தோட்டத்துக்கு ஒரு கடிதமும் எழுதினேன். விரல் பொருந்தாதவர்கள் வந்ததை எழுதி வைக்காதபடி சர்வரை அமைத்தது நான். அதனால் பேர் விழவில்லை என்பதை வைத்து அவர் வேலைக்கு வரவில்லை என்று சொல்ல முடியாது. இதை எழுதி, கீழே என் பெயரைப் போட்டேன். கம்பெனிக்குக் கெட்ட பெயர் வரும் என்று முஸ்தாக் கத்தினார். பிறகு கடிதத்தை வாசித்தார். தானும் கையெழுத்து வைத்தார். கங்காணியும் மற்றப் பெண்களும் சாட்சி சொன்னார்கள். இராக்கம்மா அன்று வேலைக்கு வந்தார் என்று தோட்டம் ஏற்றுக்கொண்டது. மதுஷாவிடம் அதைச் சொன்னபோது அந்தப் பிள்ளை அழவில்லையாம், எத்தனை மணிக்கு விழுந்தது என்று மட்டும் கேட்டதாம்.

அந்த வாக்கியத்தையும் எடுத்துவிட்டோம். இப்போது விரல் பொருந்தாவிட்டால் கங்காணி வாயால் கேட்டுப் பேரைப் போடுவார். லொக்கில் ஒவ்வொரு வரியும் விழுகிறது. ஒன்றையும் நான் மூடவில்லை.

இத்தோடு முடிந்திருக்க வேண்டும்.

போன வாரம் முஸ்தாக் எங்கள் கதவு மிஷினைச் சுவரிலிருந்து கழற்றி, பண்டாரவளைக் கடைக்கே கொண்டு போய்க் காட்டினார். திரும்பி வந்து என் மேசையில் வைத்தார். என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

"உள்ள தமிழ் எழுத்தே இல்லையாம் ஜெயந்தினி. இந்த மிஷின்ல தமிழ் போடவே ஏலாதாம்."

மறுபடி கதவில் மாட்டினார்கள். மற்ற நான்கு பேருக்கும் ஒழுங்காக வேலை செய்கிறது. எனக்கு மட்டும் தினமும் காலையில் அதே வாக்கியம். நான் கொப்பியில் கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே போகிறேன். சோப்பை மாற்றிப் பார் என்கிறாள் ஸகீனா.

அம்மா ஒவ்வொரு ஞாயிறும் போனில் இராக்கம்மாவைப் பற்றிப் பேசுகிறார். பேர் விழுந்ததில் அம்மாவுக்கு அவ்வளவு சந்தோஷம். யாரோ ஒரு நல்ல பிள்ளை கடிதம் எழுதினாளாம், அவள் நன்றாக இருக்க வேண்டும் என்கிறார். அந்த மூதேவியையும் மறக்காமல் திட்டுகிறார்.

இரண்டும் நான்தான் என்று அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.